சுத்தமான முற்றம்

“வளவுக்குள்ளை கண்ணிவெடி இன்னும் எடுக்கேல்லை. என்ர காலடியிலயே மிதிச்சுப் போங்கோ தம்பி. அதிலயே திரும்பி வாங்கோ,” என்றார் வழிகாட்ட வந்த தவராசா. தனக்குத் தெரிந்த வழியில், கைவிடப்பட்ட வீட்டின் வாசற்படிவரை மணலில் தடம் பதித்துவிட்டு வந்து, வேலிப் படலைக்கு வெளியே வீதியைப் பார்த்து நின்றுகொண்டார்.

சசிதரனின் புகைப்படங்களில் மனிதச் சுவடே இருக்காது. விருதுகள் கிடைத்ததே அதற்காகத்தான். எந்தப் பாழ்வீட்டுக்குப் போனாலும் தான் நடந்த இடத்தைச் சமன்செய்துவிட்டுத்தான் கேமராவை எடுப்பான். கை பழகிப்போயிருந்தது. இங்கேயும் ஒவ்வோர் அடி வைத்ததும் குனிந்து, பின்னால் விட்ட தடத்தைக் கையோடு எடுத்த பனங்காவோலையால் தடவிக்கொண்டே போய்ப் படியேறினான். திரும்பி நின்று முற்றத்தைப் படமெடுத்துத் திரையில் பார்த்தான். யாருமே கால் வைத்திராத மணல். இத்தனை சுத்தமான படம் அவனுக்கு வாய்த்ததே இல்லை.

“எடுத்தாச்சோ தம்பி? வந்த தடத்திலயே வாங்கோ,” என்று தவராசா திரும்பாமலே கூப்பிட்டார்.

சசிதரன் படியிலிருந்து வலது காலைத் தூக்கினான். அதை எங்கே வைப்பதென்று, திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடிக்கொண்டிருந்தான்.