தெருவைப் பார்த்த ஏசி

பழைய பள்ளி வேனை வீடாக மாற்றிய சற்குணம், பின்கதவைக் கழற்றித் தரையில் கிடத்தி, அதில் ஜன்னல் ஏசியைத் தானே பொருத்தினார். "உள்ள குளுந்தாத்தான் ஊர் சுத்த வருவேன், இல்லாட்டி நீங்க மட்டும் போங்க" என்று மனைவி அமிர்தம் கறாராகச் சொல்லியிருந்தாள். கதவை மாட்டி சுவிட்சைப் போட்டார். கூரையில் புது விளக்குகள் வரிசையாகப் பளிச்சென்று எரிந்தன; ஆனால் அரை மணி நேரமாகியும் உள்ளே ஒரே அனல், வெளியே ஒரே சிரிப்பு. இறங்கிப் பார்த்தால், ஏசியின் முகம் தெருவைப் பார்த்திருந்தது. அதன்முன் ஆறேழு பேர் பாய் விரித்திருந்தார்கள், நடுவில் அமிர்தம்.

"அண்ணே, கழட்டிராதீங்க, ஜில்லுனு இருக்கு!" என்றாள் பக்கத்து வீட்டு ரெஜினா, ஈரக்கூந்தலைக் காற்றில் விரித்தபடி.

"திருப்பி மாட்டிடுறேன், அமிர்தம்."

"எதுக்கு? போற ஊர்லல்லாம் இப்படி நாலு பேர் வந்து உக்காருவாங்கல்ல?" என்றவள், எழுந்துபோய்த் தன் பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் வைத்தாள்.