இரண்டாம் ஒட்டு

காலி மீன்தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார் தொட்டி ரிப்பேர்க்காரர். முகக்கவசம் கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. பசை நெடிக்காகத்தான் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். பசைப் புட்டியின் மூடியை ரிப்பேர்க்காரர் இன்னும் திறக்கவே இல்லை.

"எவன் ஒட்டினானோ, கையில கெடச்சா விடமாட்டேன்," என்றார் வீட்டுக்காரர். "நான் வெளியூர் போயிருந்தப்போ என் பொண்டாட்டி யாரையோ கூப்பிட்டு ஒட்ட வச்சிருக்கா. பத்தே நாள்ல மூலை பிளந்து ஹால் பூரா தண்ணி. ஏழு வருஷமா வளர்த்த மீனுங்க, ஒண்ணுகூட மிஞ்சல."

"யாராவது அரைகுறை ஆளா இருக்கும் சார்."

சொல்லும்போதே நாக்கு கூசியது. அந்த அரைகுறை ஆள் அவரேதான். அப்போது தாடி வைத்திருந்தார், இப்போது இல்லை. நேற்று போனில் விலாசத்தைக் கேட்டதுமே எந்த வீடு என்று புரிந்துவிட்டது. வர முடியாது என்று சொல்லியிருக்கலாம், மீன்கள் செத்த கதையைக் கேட்ட பிறகு மனசு கேட்கவில்லை.

"அவன் பேரு என்னன்னு கேட்டா இவளுக்கு ஞாபகம் இல்லையாம். நம்பரையும் தொலைச்சிட்டாளாம். அப்புறம் மீன்தொட்டிக் கடையில விசாரிச்சுதான் உங்களப் பிடிச்சேன்."

பிளந்த மூலையைத் துடைத்துக் காயவைத்து, ஊசிமுனையால் இணைப்புக்குள் சொட்டுச் சொட்டாகப் பசைத் திரவத்தை விட்டார் ரிப்பேர்க்காரர். அது தொட்டியின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து இரண்டு பலகைகளையும் ஒன்றாக்கிவிடும், முழுதாக இறுகத்தான் நாளாகும். போன தடவை வைக்காத முக்கோணப் பட்டைகளை இந்தத் தடவை நான்கு மூலைகளிலும் உள்பக்கமாக ஒட்டினார். அன்றைக்கே வைத்திருக்கலாமே, இருபது வருஷத் தொழில் என்று பீற்றிக்கொண்டு என்ன பிரயோசனம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வீட்டம்மா டீ கொண்டுவந்தார். கணவருக்குச் சர்க்கரை போட்டது, ரிப்பேர்க்காரருக்கு, கேட்காமலே, போடாதது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, முகக்கவசத்தை இறக்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

வேலை முடிகிற நேரத்தில் வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே மாடிக்குப் போனார். தப்பித்தோம் பிழைத்தோம் என்று பையைத் தூக்கியவருக்கு, வாசல் தாண்டக் கால் வரவில்லை. முகக்கவசத்தைக் கழற்றினார்.

"அம்மா, போன தடவை ஒட்டினதும் நான்தான். திட்டுறதுன்னா திட்டிடுங்க. கூலி வேண்டாம்."

"தெரியும் அண்ணா. பார்த்ததுமே தெரிஞ்சுது." வீட்டம்மா மாடிப்படியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

தன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று நினைத்து ரிப்பேர்க்காரர் கைகூப்பினார்.

"உங்களுக்குப் பெரிய மனசும்மா. என் கைவேலையால அத்தனை மீனும் போச்சே. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

வீட்டம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"மூணு நாள் காயணும்னு சொல்லிட்டுத்தான் போனீங்க. மீனுங்க பக்கெட்ல தவிக்குதேன்னு, நான்தான் அன்னிக்கே தண்ணிய ஊத்திட்டேன்."