சோலைமலை கேட்ட பாட்டு

"வந்துட்டாய்யா பாட்டுக்காரி. கடிகாரத்தச் சரி பண்ணிக்கங்க" என்றார் பெஞ்சில் இருந்த நல்லுசாமி. கையில் டீ கிளாஸ். விரலிடுக்கில் பூட்டுப் பட்டறையின் அரத்தூள். "கடலுக்கு அந்தப் பக்கம் ஊரே எரியுது. இவளுக்கு என்னடான்னா சினிமாப் பாட்டு."

முத்துப்பேச்சி காதில் வாங்காதவள் போல காபி கிளப் வாசலில் வந்து நின்றாள். ஏழு மாத வயிறு. பின்னாலேயே மாமியார் ஜக்கம்மாள், கத்தரிக்காய் விற்றுத் தீர்ந்த கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்றீங்க, அண்ணே. உங்க வாய்க்கு ஒண்ணு செஞ்சுக்கக் கூடாதா?" என்று கல்லாவிலிருந்தபடியே கேட்டார் கடைக்காரர் செபஸ்தியான். ரேடியோவின் காதைத் திருகினார். கரகரவென்று இரைந்து, சிலோன் பிடித்தது. நேயர் விருப்பம் தொடங்க இன்னும் செத்த நேரம் இருந்தது.

பேச்சியின் புருஷன் சோலைமலைக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. கடிதம் எழுத உடம்பு வணங்காது. ரேடியோவுக்குப் பாட்டுக் கேட்டுக் கார்டு போட மட்டும் சலிக்க மாட்டான். விரும்பிக் கேட்டவர்கள் வரிசையில் அவன் பேர் வந்தால் சுகமாக இருக்கிறான் என்று அர்த்தம். அது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு.

அங்கே கலவரம் வெடித்து ஒன்றரை மாதமாயிற்று. அன்றிலிருந்து கடிதமும் இல்லை, பேரும் இல்லை.

இதே கடையில் உரக்கப் படிக்கும் பேப்பர்தான் சேதி சொன்னது. தமிழர் கடைகளுக்குத் தீ வைக்கிறார்களாம். ரோட்டில் ஆளை மறித்துச் சிங்களம் பேசச் சொல்கிறார்களாம். வாய் தடுமாறினால் அவ்வளவுதானாம்.

சோலைமலைக்குச் சிங்களத்தில் துணி அளக்கிற எண்ணிக்கை மட்டும்தான் வரும். "பத்து வரைக்கும் அவுக பாஷை, அதுக்கு மேல நம்ம பாஷை" என்று போன தடவை வந்தபோது சிரித்தான். அந்தப் பத்தைத்தான் பேச்சி இப்போது ராத்திரியும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தாள். பத்துக்கு மேல் கேட்டால் என்ன செய்வான்?

சோற்றைக் கண்டாலே தட்டைத் தள்ளி வைத்தாள். பிள்ளையின் துடிப்புக் குறைந்துவிட்டதென்று நேற்று மருத்துவச்சி முகத்தைச் சுருக்கிக்கொண்டு போனாள்.

முதல் பாட்டுக்குப் பேர்களைப் படித்தார்கள். அவன் இல்லை. இரண்டாவதற்கும் இல்லை. பேச்சி மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போயிருவோம் அத்தை. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. ஒவ்வொரு பேரு வாசிக்கையிலயும் உசிரு போயிட்டுப் போயிட்டு வருது."

"செத்த நில்லு தாயி. இம்புட்டு நேரம் நின்னுட்ட, இன்னொரு பாட்டு நில்லு."

மூன்றாவது பாட்டு. "விரும்பிக் கேட்டவர்கள்: யாழ்ப்பாணம் செபாஸ்தியம்மாள், மட்டக்களப்பு மிக்கேல்ராஜ், கொழும்பு சோலைமலை..."

கடையில் இருந்த அத்தனை பேரும் ரேடியோவைப் பார்த்தார்கள். ஜக்கம்மாள் மட்டும் மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அவுக பேரு."

"கேட்டேன்த்தா."

பேச்சி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்லுசாமி சட்டென்று எழுந்து, தோள் துண்டால் பெஞ்சைத் துடைத்தார். "உக்காரு தாயி. விசயம் தெரியாம வாய விட்டுட்டேன். மனசுல வச்சுக்காத."

உட்கார்ந்தவள் உடனே கல்லாப் பக்கம் திரும்பினாள். "பழைய கார்டா இருக்குமோ, அண்ணே? சண்டைக்கு முன்னாடியே போட்டதா இருந்தா?"

"பாட்டக் கேளு, தாயி" என்றார் செபஸ்தியான், பதிலைக் கையிலேயே வைத்திருந்தவர் போல. "இந்தப் படம் வந்தே மூணு வாரந்தான் ஆகுது. நம்மூருக் கொட்டகையில இப்பத்தான் ஓடுது. ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி இந்தப் பாட்ட எப்படிக் கேட்டு எழுத முடியும்?"

அவள் யோசித்தாள். முடியாதுதான். மார்பிலிருந்து ஒரு பாறை உருண்டு இறங்கியது போலிருந்தது.

"பசிக்குது அத்தை" என்றாள்.

நாலு இட்லியைத் தட்டில் வைத்து, அடுப்படித் தட்டி மறைப்புக்குப் பின்னால் அவளை உட்கார வைத்தார் செபஸ்தியான். முதல் இட்லி போன இடம் தெரியவில்லை. இரண்டாவதில்தான் சட்னியின் உறைப்பே நாக்கில் பட்டது. மூன்றாவது பாதியில் இருக்கும்போது பிள்ளை விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டது.

வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று, கையைக் கூடக் கழுவாமல் தட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் செபஸ்தியான் என்னவோ முணுமுணுத்தார். மாமியார் குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னாள்.

"பிள்ளை பொறக்குற வரைக்கும் இதே மாதிரி அவன் பேர்ல நீயே கார்டு போட்டுக்கிட்டிரு, அப்பு."