நடுக்கோடு

கபடி ஆடிய காலத்தில் லில்லி புஷ்பத்துக்கு வலது முட்டிச் சவ்வு கிழிந்தது. கிழிந்ததை வெட்டியெடுத்த டாக்டர், "நடக்கலாம், ஓடலாம். ஆனா இந்த முட்டி உனக்கு முந்தியே கிழவியாயிரும்மா" என்றார். நாற்பது வயதிலேயே முட்டிக்குள் கிழவி வந்து சேர்ந்தாள். எலும்போடு எலும்பு உரச, படிக்குப் படி கறகறவென்று முணுமுணுத்தாள். மூன்றாம் மாடி வீட்டுக்கு லில்லி ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டேதான் ஏறுவாள். பாடும்வரை வலி தன்னைத் தொடாது என்பது அவள் நம்பிக்கை. அன்று காய்கறிப் பையோடு இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு அறுந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாட்டு நின்றதைக் கேட்டு, தையல் மெஷினை விட்டெழுந்து படியிறங்கி வந்தார் கணவர் மரியதாஸ்.

"மூச்சு விட்டுட்டேன். நான் அவுட்டு" என்றாள். கண் நிறைந்திருந்தது.

ஒருநாளும் மைதானத்தில் இறங்காதவர் அவர். காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, அவள் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் தரையில் குறுக்கே கோடு கிழித்தார்.

"நடுக்கோடு இங்கனல்லா இருக்கு. தொடு பிள்ள."

லில்லி சிரித்துவிட்டாள். முட்டிக் கிழவி முனகிக்கொண்டே கோட்டை நோக்கி மெல்ல நீண்டாள்.