நாலு ஆணி ஜன்னல்

“ஐயா, தங்கையன் வீட்டுக்கு ஜன்னல் வச்சிருக்கான்!”

காரியக்காரர் காயாரோகணம் ஓடி வந்த வேகத்துக்கு, வாய்க்காலில் உடைப்போ என்றுதான் பண்ணையார் நீலமேகம் பயந்துபோனார். ஜன்னல் என்றதும் மறுபடி வக்கீல் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

“வச்சுக்கட்டுமே. பட்டாவே வாங்கிட்டான், ஜன்னல் வைக்க மாட்டானா?”

எரிச்சல் இல்லாமல் இல்லை. அந்த வருஷம்தான் அரசாங்கம் குடியிருந்தவனுக்கே மனையை எழுதிக் கொடுத்திருந்தது. நீலமேகத்தின் கொல்லைக்கோடியில் இருந்த தங்கையன் குடிசையும் அப்படித்தான் கைமாறியது. சாகுபடி நிலத்துக்கு வேறு தஞ்சாவூர் கோர்ட்டில் கேஸ். மனிதருக்கு நிம்மதி ஏது?

“எந்தப் பக்கம் வச்சிருக்கான்னு கேளுங்க ஐயா. நம்ம வீட்டைப் பாத்து!”

நீலமேகம் நிமிர்ந்தார்.

கொல்லையில் குடியிருப்பவர்கள் பண்ணை வீட்டைப் பார்த்து ஜன்னல் வைப்பதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதாததாலேயே எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சௌந்தரநாயகி காபி கொண்டுவந்தாள். முன்பெல்லாம் காபிக்கு முன்னால் அவள் இருமல் வந்துவிடும். அன்று டம்ளர் மட்டும்தான் வந்தது. நீலமேகத்துக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? காபியைத் தொடாமலே துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்.

தங்கையன் அப்போதுதான் ஜன்னலைப் பதித்து முடித்து, சுற்றிலும் களிமண் பூசிக்கொண்டிருந்தான்.

“என்னடா, பட்டா வந்ததும் திமிரு வந்துடுச்சா?” காயாரோகணம் முந்திக்கொண்டார். பண்ணையாரைவிட அவருக்குக் கோபம் எப்போதும் ஒரு படி அதிகம். சம்பளமே அதற்குத்தானோ என்னவோ.

“திமிரு இல்லீங்க, காத்து.” தங்கையன் கையில் ஒட்டிய மண்ணை நிதானமாக வழித்தான். “எம் பொஞ்சாதி எல்லையம்மாளுக்கு எட்டு மாசமா மூச்சு இழுப்பு. அடுப்புப் புகை பூரா உள்ளயே சுத்துது. மருந்து பாதிதான், புகை வெளிய போவணும், காத்து உள்ள வரணும்னு ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் வைக்கப்போரு, இந்தப் பக்கம் அடுத்த குடிசைச் சுவரு. ஆத்துக் காத்து வர்ற வழி இது ஒண்ணுதாங்க. ஐயா வீட்டுப் பக்கம் வராதே, சுத்திக்கிட்டு வான்னு காத்துகிட்ட சொல்ல முடியுங்களா?”

நீலமேகம் குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே எல்லையம்மாள் உலை வைத்திருந்தாள். புகை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒழுங்காக வெளியேறிக்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்காமல் சமைப்பது அவளுக்கே புதுசாக இருந்திருக்க வேண்டும். அடிக்கடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

“ஐயா, மரத்தைப் பாருங்க!” காயாரோகணம் கத்தினார். “தேக்கு! கூலிக்காரனுக்கு ஏது தேக்கு ஜன்னல்?”

குனிந்து சட்டத்தைத் தடவியவர் முகம் மலர்ந்தது.

“நாலு ஆணித் தடம் இருக்கு. இந்த நாலையும் அடிச்சவனே நான்தான்! பதினாறு வருஷத்துக்கு முன்னால, குடிசை ஜனங்க பார்வை நம்ம வீட்டுக்குள்ள விழக்கூடாதுன்னு நீங்க சொல்லி, அடுப்படி ஜன்னலை மூடி ஆணி அடிச்சேனே, அதே ஜன்னல். திருடியிருக்கான்!”

அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

“போலீசுக்கு ஆள் அனுப்பட்டுமா ஐயா? இவன் உள்ள போயிட்டா, நோயாளிப் பொம்பளை கையில இந்தப் பட்டா எத்தனை நாள் நிக்குதுன்னு பாத்துடலாம்.”

அதுவரை நிமிர்ந்து நின்ற தங்கையன் முகம் முதல்முறையாக வாடியது.

எல்லையம்மாள் வெளியே ஓடி வந்தாள். “வாயைத் தொறந்து சொல்லிடுங்களேன்!”

“சும்மா இரு புள்ள. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“யாருக்குடா வாக்கு?” நீலமேகத்தின் குரல் உயர்ந்தது. “கடைசியாக் கேக்கறேன். இந்த ஜன்னல் உனக்கு எப்படி வந்துச்சு?”

“நான்தான் குடுத்தேன்.”

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நீலமேகம் திரும்பினார்.

வாழைகளுக்கு அந்தப் பக்கம் அவருடைய வீட்டின் பின்சுவர். அதில் ஜன்னல் அளவுக்குச் சதுரமாக ஒரு திறப்பு. அடுப்படிப் புகை அதன் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது. நடுவில் சௌந்தரநாயகி நின்றாள். அந்த அடுப்படிக்குள் தான் கடைசியாக எப்போது போனோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

“நீங்க கோர்ட்டுக்குப் போன அன்னிக்கு நான்தான் பேத்துக்கச் சொன்னேன். ஐயாகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ வாயைத் தொறக்காதேன்னதும் நான்தான். எங்கிட்ட மூடியே கெடந்த ஜன்னல், அந்தப் பொண்ணு வீட்டுலயாவது தொறந்திருக்கட்டும்.”

காயாரோகணம் வைக்கோல் போர்ப் பக்கமாக நைசாக நழுவினார்.

நீலமேகத்தின் குரல் இறங்கிவிட்டது. “ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“பதினாறு வருஷமா இருமி இருமிச் சொன்னேங்க. இருமல் நின்னு பத்து நாளாச்சு, அதுவும் உங்க காதுல விழலை.”