தினம் ஒரு டம்ளர்

முட்டையின் ஓட்டை உடைத்ததும் தண்ணீர் வந்தது.

உள்ளங்கையிலிருந்து வழிந்து அவள் மணிக்கட்டை நனைத்தது.

கூமுட்டையாக இருந்திருந்தால் நாறியிருக்கும். எறிந்துவிட்டுக் கை கழுவியிருப்பாள். இதில் நாற்றமே இல்லை. உள்ளே முழுக் குஞ்சு. அலகு இருந்தது. நகம் இருந்தது. ஈர மயிர் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. தாயைப் போலவே சாம்பல் நிறம்.

உயிர் மட்டும் இல்லை.

அடுத்ததை உடைத்தாள். அதிலும் தண்ணீர். அதிலும் குஞ்சு.

மொத்தம் பதினொரு முட்டை. இருபத்தொரு நாளில் பொரித்திருக்க வேண்டும். இன்று இருபத்து மூன்று.

சாம்பி என்று அவள் பெயர் வைத்து வளர்த்த கோழியின் கடைசி முட்டைகள் இவை. அடைக்கு உட்கார்ந்த அன்றே அதை நாய் தூக்கிக்கொண்டு போனது. கூண்டுக்குக் கொக்கி போடாமல் வந்தவன் அவள் கணவன். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஒரு கோழிக்குப் போயா இவ்வளவு அழுகை என்று கேட்டுவிட்டான்.

அன்று நின்றது பேச்சு.

அதன் பிறகு இருவரும் சுவரிடம்தான் பேசினார்கள். சோறு ஆறுகிறது என்று அவள் சுவரிடம் சொல்வாள். கேஸ் தீரப்போகிறது என்று அவன் சுவரிடம் சொல்வான். சுவர் பாவம், இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக நின்றது.

ஆனாலும் அன்று மாலையே அவன் மீன்கடையிலிருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி கொண்டுவந்தான். பல்பு மாட்டினான். சூடு காட்டும் மீட்டர் வைத்தான். அடியில் மணல், அதற்கு மேல் கம்பி வலை, வலைமேல் முட்டைகள். மூடியில் ஒரு சின்னக் கண்ணாடி.

ஈரத்துக்கு மீட்டர் இல்லை. யூடியூப்பில் ஒருவர் சொன்ன அளவுதான். மணலில் தினம் ஒரு டம்ளர் தண்ணீர். குறைந்தால் குஞ்சு காய்ந்து ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். கூடினால் முட்டைக்குள் காற்றுக்கு இடம் இருக்காது. குஞ்சு மூச்சுவிட மூக்கை நீட்டும் இடத்தில் தண்ணீர் நிற்கும்.

அந்த வீடியோவை அவளும் பார்த்தாள். தன் போனில், தனியாக.

கொக்கியை மறந்தவன் தண்ணீரை நினைவில் வைப்பானா?

அவன் மில்லுக்குப் போன பிறகு, தினமும் பதினொரு மணிக்கு அவள் ஊற்றினாள். முட்டையில் படாமல், ஓரமாக, மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் சாப்பிட்டுக் கண் அயரும்வரை காத்திருந்தாள். அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

பத்தாம் நாள் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. நாளாக நாளாகக் கூடியது. குஞ்சுகள் மூச்சு விடுகின்றன என்று அவள் நினைத்தாள். மூடியைத் திறந்து, முந்தானையால் துடைத்து, உள்ளே பார்த்துச் சிரித்தாள்.

இப்போது மூன்றாவது முட்டை. அதிலும் தண்ணீர்.

ஒரு டம்ளர்தானே ஊற்றினாள். எங்கிருந்து வந்தது இவ்வளவு?

நிமிர்ந்தபோது அவன் நின்றிருந்தான். குளித்துவிட்டு வந்தவன், தலைகூடத் துவட்டவில்லை. தட்டில் கிடந்த மூன்றையும் பார்த்தான். குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தான். துண்டின் நுனியால் அதன் முகத்தைத் துடைத்தான்.

"ஒரு நாள்கூட மறக்கலையே" என்றான் சுவரிடம்.

அவளுக்குப் புரியவில்லை.

அவன் போனை எடுத்து அலாரத்தைத் திறந்து தரையில் வைத்தான். யாருக்கும் காட்டுவதுபோல் இல்லை. சும்மா வைத்தான். ஐந்து நாற்பது. தினமும். அதன் கீழே அவனே எழுதி வைத்திருந்தான்: சாம்பி தண்ணி.

அந்தச் சத்தத்தில் அவளும்தான் தினமும் விழித்தாள். மில்லுக்குக் கிளம்ப வைத்த அலாரம் என்று நினைத்தாள். எழுந்து பால் வாங்கப் போய்விடுவாள். அவள் திரும்புவதற்குள் அவன் ஊற்றி முடித்திருக்கிறான்.

காலையில் ஒன்று. பதினொரு மணிக்கு ஒன்று.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மீதி எட்டும் வலைமேல் கிடந்தன. ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துப் பார்க்கக்கூட அவளுக்குத் துணிவு வரவில்லை.

அவன் இன்னும் அந்தக் குஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். தான் எடுத்த டம்ளர் பெரிதாக இருந்திருக்கும், தப்பு தன்னுடையதுதான் என்று சுவரிடம் முணுமுணுத்தான். மனதார நம்பிவிட்டான்.

நம்பட்டும் என்று ஒரு நொடி தோன்றியது அவளுக்கு. தனக்கா அப்படித் தோன்றியது என்று பதறிப்போனாள். செத்த குஞ்சுகளைப் பார்த்தபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

ஈரக் கையை நீட்டி அவன் கையிலிருந்த குஞ்சை வாங்கிக்கொண்டாள்.

"நானும் ஒரு நாள்கூட மறக்கலங்க."

சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை.