மூன்று மூன்றாக

துக்கமணி அடிக்கத் தொடங்கியபோது சூசைநாதன் வெட்டுமேசைக்கு அடியில் இல்லை. குனிந்து பார்த்த புஷ்பமேரி பதறி வாசலுக்கு வந்தாள்.

ஒன்பது வருஷமாக, கோயிலில் துக்கமணி கேட்டால் போதும், அவள் புருஷன் தைக்கிறதைப் போட்டுவிட்டு அந்த மேசைக்கு அடியில் புகுந்து காதைப் பொத்திக்கொள்வார். புதுச்சேரியில் பாதிச் சிப்பாய்களுக்குச் சட்டை தைக்கிற ஆள்! எல்லாம் அருளானந்தம் வைத்தியர் செய்த வேலை. 1926ஆம் வருஷம் நாடி பிடித்துப் பார்த்து, "நெஞ்சுல பலமில்ல, அடுத்த ஈஸ்டரைத் தாண்டாது" என்று சொல்லிவிட்டார். ஈஸ்டர் ஒன்பது வந்து போயிற்று. பயம் மட்டும் போன பாடில்லை.

இந்த மூன்று மாதமாகத்தான் மனிதர் கொஞ்சம் தேறியிருந்தார். தினமும் மத்தியானம், "நூல் வாங்கிட்டு வந்துடறேன்" என்று தானாகவே தெருவில் இறங்கினார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். கேட்டால், "புதுக் கத்திரிக்கோல், இன்னும் பழகல" என்றார். அவளும் நம்பித் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

பக்கத்து வீட்டு செல்வாம்பாள் தலையை நீட்டினாள். "மூணு மூணா உட்டு அடிக்கிறாங்களே, ஆம்பள சாவாச்சே! உன் ஊட்டுக்காரர் எங்கடி?"

"விடிஞ்சதுலேர்ந்தே ஆளக் காணோம்க்கா."

"அய்யய்யோ! எங்கனா ரோட்டுல நெஞ்சப் புடிச்சிக்கினு..."

"வாயக் கழுவுக்கா!" என்று கத்திவிட்டு புஷ்பமேரி ஓடினாள்.

வைத்தியரையும் கையோடு கூட்டிப்போகலாம் என்று அவர் தெருவில் திரும்பினாள். முனையிலேயே ஒரே கூட்டம், நுழைய வழியில்லை. அவளை அடையாளம் கண்ட ஒருவர், "உங்க ஊட்டுக்காரர் கோயில்ல இருக்காரும்மா" என்று கோயில் பக்கம் கையைக் காட்டினார்.

அவ்வளவுதான், அவளுக்கு உயிர் பாதி போய்விட்டது. மாதாவே, மாதாவே என்று அரற்றிக்கொண்டு கோயிலுக்குள் பாய்ந்தாள். பீடத்துக்கு முன்னால் யாரையும் கிடத்தியிருக்கவில்லை. மணிக்கூண்டுப் பக்கம் போனாள்.

அங்கே மணியடிக்க வேண்டிய கோயில்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது சூசைநாதன்! சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"பாவி மனுசா, என் உசுரே போயிடிச்சி!" அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "கை இந்த நடுக்கம் நடுங்குது. உட்டுட்டு வாங்க ஊட்டுக்கு!"

"நடுங்கட்டும்" என்றார் அவர். "நெஞ்சுகூடத்தான் படபடன்னு அடிக்குது, அடிச்சிட்டுப் போவட்டும். மேசைக்கு அடியில கெடந்தப்பவும் அடிச்சிது, நின்னாலும் அடிக்குது. அப்ப நின்னுக்கினே இருக்கலாம்னு மூணு மாசமா மத்தியான மணிய நான்தான் அடிக்கிறேன். இனிமே ஒளிய மாட்டேன்."

"மத்தியான மணி சரி. இந்த மணி எதுக்கு?"

"இதத்தான் முக்கியமா அடிக்கணும்! வேற எவனும் தொடக்கூடாதுன்னு பங்குச் சாமியார்கிட்ட சண்ட போட்டு வாங்கினேன்."

"அப்பிடி யாருங்க செத்துப்போனது?"

சூசைநாதன் கொப்புளக் கையைக் காலில் துடைத்துக்கொண்டு மறுபடியும் கயிற்றைப் பிடித்தார்.

"எனக்குக் கெடு வச்சாரே, அந்த வைத்தியர்."